முகவாதத்துக்குப் பிறகு சிரிப்பை மீட்கும் தசை மாற்று அறுவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முகவாதம் வந்து ஒரு வருடம், இரண்டு வருடம் கடந்தவர்கள் பிசியோதெரபிக்கு வந்தால் இந்த அறுவை பற்றிய பேச்சு எப்படியும் வந்துவிடும். பெரும்பாலும் போனில் ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு வருவார்கள். கேட்பவர் மாறுகிறார், கேள்வி மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். நான் பிசியோதெரபிஸ்ட். அறுவை செய்வது பிளாஸ்டிக் சர்ஜன். அதற்கு முன்னும் பின்னும் நோயாளியோடு கண்ணாடி முன்னால் உட்காருவதுதான் என் வேலை. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் முகத்தை நேரில் பார்க்கிற சர்ஜன்தான் சொல்ல முடியும்.

1. ஆபரேஷன் பண்ணா சிரிப்பு திரும்ப வருமாமே, அது எப்படி?

சிரிக்கும்போது வாயின் ஓரத்தை மேலே இழுப்பவை கன்னத்துக்குள் இருக்கும் சில சின்னத் தசைகள். அவற்றை இயக்குவது முக நரம்பு, அதாவது ஏழாவது மூளை நரம்பு. காதுக்குக் கீழே வெளிவந்து நெற்றி, கண், கன்னம், வாய், கழுத்து என்று கிளை பிரிந்து போகிறது. இந்த நரம்பு நிரந்தரமாகப் பழுதானால், கட்டளை கிடைக்காத தசைகள் மெலிந்து நாராகிவிடும். அதற்கப்புறம் நரம்பை மட்டும் சரிசெய்து பயனில்லை. இழுப்பதற்குத் தசை வேண்டுமே!

அந்தத் தசையைத்தான் வேறு இடத்திலிருந்து கொண்டுவருகிறார்கள். பெரும்பாலும் தொடையிலிருந்து ஒரு துண்டுத் தசையை அதன் ரத்தக் குழாய்களோடும் நரம்போடும் எடுத்துக் கன்னத்துக்குள் வைக்கிறார்கள். ஒரு முனை வாயின் ஓரத்தில், மறுமுனை கன்ன எலும்புக்கும் நெற்றிப்பொட்டுக்கும் பக்கத்தில். ரத்தக் குழாய்களை முகத்தின் ரத்தக் குழாய்களோடும், நரம்பை நன்றாக வேலை செய்யும் ஒரு நரம்போடும் இணைக்கிறார்கள். எந்த நரம்போடு என்பதில்தான் முக்கால்வாசி விஷயம் இருக்கிறது. அது 8-ஆவது கேள்வியில்.

2. யாரோட தசையை வைப்பாங்க? உடம்பு ஏத்துக்காம தள்ளிடாதா?

உங்கள் தசைதான். கிட்னி மாற்று மாதிரி தானம் கொடுப்பவர் யாரும் கிடையாது. அதனால் உடம்பு நிராகரிக்கிற பேச்சும் இல்லை, அதற்காக வாழ்நாள் முழுக்க மாத்திரை போடும் தேவையும் இல்லை.

3. போன வாரம்தான் வாய் கோணுச்சு. உடனே இந்த ஆபரேஷனைப் பண்ணிக்கலாமா?

கூடாது, தேவையும் இல்லை. திடீரென்று ஒரு பக்க முகம் செயலிழக்கும் பெல்ஸ் பால்சிதான் முகவாதத்தில் அதிகம் பார்ப்பது. இது வந்தவர்களில் 10 பேரில் சுமார் 7 பேர் எந்தச் சிகிச்சையும் இல்லாமலே முழுமையாகத் தேறிவிடுகிறார்கள். முதல் 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினால் இந்த வாய்ப்பு இன்னும் கூடும். புறா ரத்தம் தேய்ப்பது, பச்சிலை கட்டுவது என்று அந்த மூன்று நாளையும் கழித்துவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கோபம் வரும்.

ஒன்றை மட்டும் உடனே பாருங்கள். நெற்றியைச் சுருக்கச் சொல்லுங்கள். நெற்றி சுருங்குகிறது, வாய் மட்டும் கோணுகிறது என்றால் அது மூளைப் பக்கவாதமாக இருக்கலாம். கை கால் தளர்ந்தாலோ பேச்சு குழறினாலோ நெற்றியைப் பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள். காதுக்குள்ளோ காதைச் சுற்றியோ கொப்புளமும் வலியும் இருந்தால் அது அக்கி வைரஸால் வரும் ராம்சே ஹன்ட். அதற்கு மருந்தும் கூடுதல், தேறுவதும் பெல்ஸ் பால்சியை விடக் கடினம்.

4. எங்க அப்பாவுக்கு ஸ்ட்ரோக்ல வாய் கோணிடுச்சு. அவருக்குச் செய்யலாமா?

பொதுவாக இல்லை. ஸ்ட்ரோக்கில் பழுது மூளைக்குள். முக நரம்பும் முகத் தசைகளும் உயிரோடுதான் இருக்கின்றன. நெற்றிக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை போவதால்தான் ஸ்ட்ரோக்கில் நெற்றி தப்பிக்கிறது. இவர்களுக்கு வேண்டியது ஸ்ட்ரோக் மறுவாழ்வுப் பயிற்சி.

5. அப்போ இந்த ஆபரேஷன் யாருக்குத்தான்?

நரம்பு திரும்ப வராது என்று உறுதியானவர்களுக்கு. காதுக்குப் பின்னால் மூளையோரம் வளரும் அக்கூஸ்டிக் நியூரோமா கட்டியை எடுக்கும்போது நரம்பு போனவர்கள், காதோர உமிழ்நீர்ச் சுரப்பியில் புற்றுநோய் வந்து நரம்பையும் சேர்த்து வெட்ட வேண்டி வந்தவர்கள், பைக் விபத்தில் காதெலும்பு உடைந்தவர்கள், பிறவியிலேயே நரம்பு இல்லாதவர்கள். நம் ஊரில் இன்னொரு கூட்டமும் உண்டு. சின்ன வயதிலிருந்து காதில் சீழ் வடிந்து, அதைக் கவனிக்காமல் விட்டு, உள்ளே எலும்பை அரித்து நரம்பு வரை போனவர்கள். பெல்ஸ் பால்சி வந்து சரியாகாமல் நின்றுபோன சிலரும் வருவார்கள்.

பெல்ஸ் பால்சி என்று சொல்லி அனுப்பப்பட்டு, 3, 4 மாதமாகியும் துளி அசைவுகூட வரவில்லையென்றால், அல்லது முகம் ஒரே நாளில் கோணாமல் வாரக்கணக்கில் மெல்ல மெல்லத் தளர்ந்திருந்தால், எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நரம்பு போகும் வழியில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளாமல் சிரிப்பைப் பற்றி யோசிக்க முடியாது.

6. ஒரு வருஷம் ஆச்சு. இன்னும் காத்திருக்கலாமா, இல்ல லேட் ஆயிடுச்சா?

இதற்கு நாள்கணக்கு முக்கியம். நரம்பு போனபிறகும் முகத் தசைகள் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். தோராயமாக 12 முதல் 18 மாதம். அதற்குள் வேறொரு நரம்பைக் கொண்டுவந்து இணைத்தால் உங்கள் பழைய முகத் தசைகளையே மீண்டும் வேலை செய்ய வைக்கலாம். மெல்லும் தசைக்குப் போகும் நரம்பையோ நாக்கு நரம்பின் ஒரு பகுதியையோ இதற்குப் பயன்படுத்துவார்கள். தொடையைத் தொடவே வேண்டாம், ஆபரேஷனும் சின்னது. "இன்னும் ஆறு மாசம் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால், அந்த ஆறு மாதத்தில் இந்த வாய்ப்பு கைநழுவுமா என்று திருப்பிக் கேளுங்கள். கட்டி அறுவையில் நரம்பு வெட்டுப்பட்டது உறுதி என்றால் காத்திருப்பதில் அர்த்தமே இல்லை.

தசைக்குள் ஊசி வைத்துப் பார்க்கும் ஈ.எம்.ஜி. பரிசோதனை, அங்கே உயிர் மிச்சம் இருக்கிறதா என்று காட்டும். 2 வருடம் தாண்டியிருந்தால் பெரும்பாலும் புதுத் தசைதான் வழி. அதில் ஓர் ஆறுதல் உண்டு. புதுத் தசை வைப்பதற்குக் காலக்கெடு கிடையாது. 20 வருடம் கழித்தும் செய்யலாம்.

7. ஏன் தொடையில இருந்து எடுக்கணும்? அதை எடுத்தா நடக்க முடியுமா?

எடுப்பது கிராசிலிஸ் என்ற உள்தொடைத் தசை. இடுப்புக்குக் கீழே தொடங்கி முழங்காலின் உள்பக்கம் வரை பட்டையாக ஓடும். தொடைகளைச் சேர்த்துப் பிடிக்கும் வேலையை இன்னும் பல தசைகள் அதோடு சேர்ந்து செய்வதால், இதில் ஒரு பகுதி போனால் நடையில் குறை தெரியாது. படி ஏறலாம், சம்மணம் போடலாம், பைக் கிக்கர் மிதிக்கலாம். தையல் காயும் வரை சில வாரம் இழுத்துப் பிடிக்கும், உள்தொடையில் ஒரு தழும்பு நிற்கும், சிலருக்கு அதைச் சுற்றிக் கொஞ்சம் மரத்துப்போகும். அவ்வளவுதான்.

கன்னத்துக்குத் தோதானது என்று இதைத் தேர்ந்தெடுக்க வேறு காரணங்களும் உண்டு. அதன் ரத்தக் குழாயும் நரம்பும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில், எப்போதும் எதிர்பார்க்கும் இடத்திலேயே உள்ளே நுழைகின்றன. நீளவாக்கில் பிளந்து வேண்டிய அகலத்துக்கு ஒரு கீற்று மட்டும் எடுக்கலாம். இந்தத் தசையை முகவாதத்துக்கு முதலில் பயன்படுத்தி வெளியிட்டவர்கள் ஜப்பானின் கியோனோரி ஹாரி குழுவினர், 1976-இல். அப்போது வைத்த தசை தடிமனாக இருந்து கன்னம் உப்பித் தெரிந்தது. இப்போது மெலிதாக்கி, பெரியவர்களுக்குச் சுமார் 15 முதல் 25 கிராம் அளவில் வைப்பது வழக்கம்.

8. தசையைத் தூக்கி வெச்சாச்சு. அதுக்கு "சிரி"ன்னு யார் சொல்லுவா?

எல்லோரும் தசையையே கேட்டுக்கொண்டிருக்க, ஒரு ரிட்டயர்டு வாத்தியார் கேட்ட கேள்வி இது. சர்ஜனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்க நேரம் இருக்கிறது என்றால் இதைக் கேளுங்கள்: "எந்த நரம்பில் இணைக்கப் போகிறீர்கள், ஏன்?" உங்கள் சிரிப்பு எப்படிப்பட்டதாக இருக்கும் என்பதைத் தசையை விட அதிகமாக முடிவு செய்வது இதுதான்.

முதல் வழி, நல்ல பக்கத்து முக நரம்பிலிருந்து கடன் வாங்குவது. அந்தப் பக்கம் சிரிப்புக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கிளைகள் போகின்றன. அதில் ஒன்றை எடுத்து, கெண்டைக்காலில் இருந்து எடுத்த சூரல் என்ற உணர்வு நரம்பை நீட்டிப்பாக இணைத்து, மேலுதட்டுக்கு உள்ளால் பழுதான பக்கத்துக்குக் கொண்டுவருகிறார்கள். 1970-களின் தொடக்கத்தில் வந்த உத்தி இது. நல்ல பக்கம் சிரிக்கும்போது அதே கட்டளை இந்தப் பக்கமும் வரும். நகைச்சுவையைக் கேட்டுத் தன்னையறியாமல் வருகிற சிரிப்பு இதில்தான் நன்றாகக் கிடைக்கும். ஆனால் விசை சற்றுக் குறைவு, காத்திருப்பு நீளம். காலின் வெளிப்பக்கம் ஓரிடம் மரத்தே இருக்கும்.

இரண்டாவது வழி, மெல்லும் தசைக்குப் போகும் நரம்பு. அதே பக்கத்தில், பக்கத்திலேயே இருக்கிறது. பலமானது. ஒரே ஆபரேஷனில் முடியும், இழுப்பும் நன்றாக இருக்கும். பிரச்சினை என்னவென்றால் அது கடிப்பதற்கான நரம்பு. தொடக்கத்தில் பல்லைக் கடித்தால்தான் வாய் ஓரம் உயரும். பழகப் பழக, பலர் கடிக்காமலே சிரிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். சிலருக்கு யோசிக்காமலே வந்துவிடுகிறது. எல்லோருக்கும் அப்படி வரும் என்று உறுதி சொல்ல முடியாது. இரண்டு நரம்பையும் ஒரே தசையில் இணைக்கும் சர்ஜன்களும் உண்டு, ஒன்றின் பலம், இன்னொன்றின் இயல்பு என்று.

9. கடிச்சா சிரிப்பு வரும்னா, சாப்பிடும்போதெல்லாம் சிரிச்சிக்கிட்டே இருப்பேனா?

மெல்லும் நரம்பில் இணைத்தவர்களுக்குச் சாப்பிடும்போது கன்னம் கொஞ்சம் அசையும், உண்மைதான். முறுக்கு மாதிரிக் கடினமானதைக் கடித்தால் நன்றாகவே தெரியும். இட்லிக்குத் தெரியாது. முதல் அசைவையே வீட்டில் இருப்பவர்கள்தான் கவனிப்பார்கள்: சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரில் உட்கார்ந்திருக்கும் மகளோ மனைவியோ "இப்ப அசைஞ்சுது பாரு" என்று சொல்லித்தான் பலருக்கே தெரிய வரும். போகப் போக மூளை இரண்டையும் ஓரளவு பிரித்துக்கொள்ளும். விருந்தில் உட்காரவே கூச்சப்படுவேன் என்பவர்கள் இதை முன்கூட்டியே சர்ஜனிடம் சொல்வது நல்லது.

10. ரெண்டு ஆபரேஷன்னு சொல்றாங்களே. ஏன் ஒரே தடவையில முடிக்கக் கூடாது?

8-இல் சொன்ன முதல் வழியில் போகிறவர்களுக்குத்தான் இரண்டு. முதல் ஆபரேஷனில் நரம்பை மட்டும் உதட்டுக்குள்ளால் இந்தப் பக்கம் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். ஆனால் அது இப்போதைக்கு வெறும் பாதை. நல்ல பக்கத்து நரம்பு இழைகள் அதற்குள் வளர்ந்து வந்து சேர வேண்டும். நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மி.மீ. வளரும். அதனால் 6 முதல் 12 மாதம் வரை இடைவெளி விடுகிறார்கள். வந்து சேர்ந்ததா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. நரம்பு நிற்கும் இடத்தில், மேலுதட்டுக்குமேல் விரலால் லேசாகத் தட்டினால் நல்ல பக்கத்தில் சுரீர் என்று ஊறும். வாராவாரம் தட்டிப் பார்த்து, ஊறும் இடம் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று நோயாளிகளே எனக்குச் சொல்வார்கள்.

அந்த இழைகள் வந்த பிறகுதான் தசையை வைப்பது. முதலிலேயே வைத்தால் கட்டளை வந்து சேருவதற்குள் அந்தத் தசையும் மெலிந்துவிடும். மெல்லும் நரம்பு பக்கத்திலேயே இருப்பதால் அங்கே இந்தப் பிரச்சினை இல்லை.

11. ஆபரேஷன் அன்னைக்கு என்னென்ன நடக்கும்?

மயக்கம் கொடுப்பதற்கு முன், உங்களை உட்கார வைத்து, நல்ல பக்கத்தால் சிரிக்கச் சொல்லிப் பேனாவால் கோடு போடுவார்கள். வாய் ஓரம் எந்தத் திசையில் போகிறது, மேலுதடு எவ்வளவு தூக்குகிறது, மூக்கோரத்திலிருந்து இறங்கும் மடிப்பு எங்கே விழுகிறது. ஒருவர் சிரித்தால் வாய் பக்கவாட்டில் விரியும், இன்னொருவருக்கு நேரே மேலே ஏறும். படுத்துவிட்டால் கன்னம் சரிந்து இந்தக் கோடு தப்பிப்போகும், அதனால்தான் உட்கார்ந்தபடி.

தசை வைக்கும் ஆபரேஷன் 5 முதல் 8 மணி நேரம் வரை போகலாம். காதுக்கு முன்னால் கீறித் தாடைக்குக் கீழ் வரை கொண்டுபோவார்கள். ஒரு குழு முகத்தில் இடம் தயாரிக்கும்போது இன்னொரு குழு தொடையில் வேலை செய்யும். தாடை எலும்பின் கீழ் விளிம்பில் விரல் வைத்தால் ஒரு துடிப்பு தெரியும், பார்த்திருக்கிறீர்களா? அந்த முகத் தமனியோடுதான் புதுத் தசையின் தமனியை இணைப்பது வழக்கம். இரண்டும் 1, 2 மி.மீ. விட்டம். தலைமுடியை விட மெல்லிய நைலான் நூலால் மைக்ராஸ்கோப் வழியாகத் தைக்கிறார்கள்.

12. கண் முழிச்சதும் சிரிக்கலாமா?

முடியாது. இதைத்தான் வீட்டில் உள்ளவர்களிடம் பலமுறை சொல்ல வேண்டியிருக்கிறது. முழிக்கும்போது கன்னம் வீங்கிப்போய், வாய் ஓரம் அசையாமல், சில சமயம் அளவுக்கு மேல் இழுத்துக் கட்டிய மாதிரி இருக்கும். புதுத் தசைக்கு ரத்தம் வந்துவிட்டது, நரம்பு இன்னும் வரவில்லை. சுமார் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டி வரும். அந்தக் கன்னத்தை அழுத்தக் கூடாது, அந்தப் பக்கமாகப் படுக்கக் கூடாது, வாயை அகலத் திறக்கக் கூடாது. இரண்டு வாரம் கஞ்சி, குழைந்த சாதம்.

மெல்லும் நரம்பு என்றால் 2 முதல் 4 மாதத்தில் முதல் துடிப்பு. எதிர்ப்பக்க நரம்பு என்றால் தசை வைத்ததிலிருந்து 6 முதல் 9 மாதம். அப்புறமும் ஒன்றரை, இரண்டு வருடம் வரை பலம் கூடிக்கொண்டே போகும். நாலாவது மாதத்தில் "ஒண்ணுமே வரலையே" என்று கலங்கி வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்த நரம்பு என்பதுதான்.

13. பிசியோவில என்ன செய்வீங்க? கரண்ட் வைப்பீங்களா?

துடிப்பு தெரிந்த பிறகுதான் என் வேலை சூடுபிடிக்கும். கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, மெல்லும் நரம்பு என்றால் முதலில் கடித்து அசைக்கச் சொல்வேன். அப்புறம் பாதி விசையில் கடித்து, பிறகு பல் தொடாமல், பிறகு கடிக்கப்போவதாக நினைத்து மட்டும். இதில் ரொம்பப் பேர் தவறவிடுவது நல்ல பக்கத்தைத்தான். அது பல மாதமாகத் தனியாக இழுத்துப் பழகியிருக்கும். பெரிதாகச் சிரிக்காமல் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் முடிகிற சின்னச் சிரிப்பை முதலில் பழக வேண்டும். நாளுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் செய்வதை விட, ஐந்து நிமிடம் வீதம் பலமுறை செய்வது மேல்.

கரண்ட் விஷயம். முகவாதம் என்றாலே கன்னத்தில் கரண்ட் வைப்பதுதான் சிகிச்சை என்று நம் ஊரில் ஊறிப்போயிருக்கிறது. வைக்கவில்லையென்றால் "டாக்டர் ஒண்ணுமே பண்ணலை" என்பார்கள். பெல்ஸ் பால்சியில் அதனால் தெளிவான பலன் இருப்பதாக நிரூபணம் இல்லை. புதுத் தசை வைத்த கன்னத்தில் சர்ஜனைக் கேட்காமல் யாரையும் கரண்ட் வைக்க விடாதீர்கள், மசாஜும்தான்.

14. சிரிப்பு கெடக்கட்டும், கண்ணு மூட மாட்டேங்குது. இதுல அதுவும் சரியாகுமா?

ஆகாது, அது தனி வேலை. உண்மையில் அதுதான் முதல் வேலை. மூடாத கண்ணில் கருவிழி காய்ந்து புண்ணானால் பார்வை போகும். பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பும், இமையை மூடி ஒட்டுவதும் கட்டாயம். நிரந்தரமாக மூடாதவர்களுக்கு மேலிமைக்குள் 1 கிராம் அளவில் தங்கம் அல்லது பிளாட்டினத் தகடு ஒன்றை வைக்கிறார்கள். கண்ணை மூட நினைத்ததும் அந்தக் கனத்தில் இமை இறங்கும். தொழுநோயில் கண் மூடாமல் போனவர்களுக்கு நெற்றிப்பொட்டில் உள்ள தசையின் ஒரு பட்டையை இமைக்குக் கொண்டுவரும் அறுவை நீண்ட காலமாக இருக்கிறது.

15. பழைய மாதிரியே முகம் ஆயிடுமா?

ஆகாது. நெற்றி அசையாது, புருவம் உயராது, கீழுதட்டை இறக்க வராது. மனம்விட்டுச் சிரிக்கும்போது கண்ணோரம் சுருங்குமே, அந்தச் சுருக்கம் இந்தப் பக்கம் வராது. முகத்தின் ஒரு பக்கம் ஒன்றரை டஜனுக்கு மேல் தசைகள் வேலை செய்கின்றன. இங்கே வைப்பது ஒன்றே ஒன்று. அது ஒரே திசையில்தான் இழுக்கும்.

கிடைப்பது என்ன? சும்மா இருக்கும்போது தொங்கிய வாய் மேலேறும். சிரிக்கும்போது ஒரு பக்கமாகக் கோணாமல் இரண்டு பக்கமும் விரியும். தண்ணீர் ஒழுகுவது, சாதம் கன்னத்துக்குள் சிக்குவது பலருக்குக் குறையும். எதிரில் பேசுகிறவர் உங்கள் வாயைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துப் பேசுவார். என் கணக்கில் இது பெரிய விஷயம். ஆனால் "அச்சு அசல் பழைய முகம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

16. ஃபெயில் ஆகவும் வாய்ப்பிருக்கா?

இருக்கிறது. தைத்த ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்தால் தசை செத்துவிடும். முதல் சில நாளில் கன்னத்துக்குள் ரத்தம் கட்டினால் உடனே மறுபடி தியேட்டருக்குப் போக வேண்டும். அதனால்தான் அந்த நாள்களில் நர்ஸ் அடிக்கடி வந்து பார்க்கிறார். சில சமயம் ரத்தம் நன்றாக வந்தும் நரம்பு போதுமான அளவு வளராமல் அசைவு பலவீனமாக நிற்கும். கிருமித் தொற்று, கன்னம் உப்பலாகத் தெரிவது, வாய் ஓரத் தையல் தளர்ந்து இறங்குவது, இழுப்பு அதிகமாகிப்போவது எல்லாம் நடக்கக்கூடியவை. ஒரு வருடம் கழித்துச் சின்னத் திருத்த அறுவை தேவைப்படுவது சகஜம், அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சிகரெட், பீடி, புகையிலை எல்லாவற்றையும் பல வாரம் முன்பே நிறுத்த வேண்டும். சின்ன ரத்தக் குழாய்களுக்கு அவை எமன். சர்க்கரை கட்டுக்குள் வராமல் தேதி கொடுக்க மாட்டார்கள். ரத்தம் இளக்கும் மாத்திரை போடுகிறவர்கள் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

17. எங்க பொண்ணு பிறந்ததுல இருந்தே சிரிச்சதில்ல. அவளுக்கு எந்த வயசுல பண்ணலாம்?

இரண்டு பக்கமும் அசையாமல், கண்ணும் பக்கவாட்டில் திரும்பாமல் இருந்தால் அது மோபியஸ் நோய்க்குறியாக இருக்கலாம். ஆறாவது, ஏழாவது மூளை நரம்புகள் பிறவியிலேயே வளராமல் போவது. இரண்டு பக்கமும் முக நரம்பு இல்லாததால் 8-இல் சொன்ன கடன் வாங்கும் வழி இங்கே நடக்காது. மெல்லும் நரம்பு நன்றாக இருந்தால் அதில்தான் இணைப்பார்கள், ஒரு பக்கம் முடித்துச் சில மாதம் கழித்து மறுபக்கம். கனடாவின் டொரன்டோ குழந்தைகள் மருத்துவமனையில் ரொனால்ட் ஜூக்கரும் அவருடன் இருந்தவர்களும் இந்த முறையைக் குழந்தைகளுக்கு வளர்த்தெடுத்தார்கள்.

வழக்கமாக 5 வயதுக்கு மேல். ரத்தக் குழாய்கள் ஓரளவு பெரிதாக வேண்டும். அதோடு, கண்ணாடி பார்த்துப் பயிற்சி செய்யச் சொன்னால் பிள்ளைக்குப் புரிய வேண்டும். குழந்தைகள் கடிப்பதையும் சிரிப்பதையும் பிரித்துக்கொள்வதில் பெரியவர்களை விடக் கெட்டிக்காரர்கள். "ப", "ம" போன்ற உதட்டெழுத்துகளின் உச்சரிப்பும் சிலருக்குத் தெளிவாகும்.

18. எனக்கு 66 வயசு. இவ்வளவு நேரம் மயக்கத்துல கிடக்கப் பயமா இருக்கு. வேற வழி இல்லையா?

உண்டு. வயது கூடக் கூட எதிர்ப்பக்க நரம்பு இழைகள் வளர்ந்து வரும் வேகமும் எண்ணிக்கையும் குறையும். ஆகவே புதுத் தசையே வைப்பதானாலும் மெல்லும் நரம்பைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அதுவும் வேண்டாம் என்றால் பொட்டுத் தசை இருக்கிறது. பல்லைக் கடித்தால் நெற்றிப்பொட்டில் அசையுமே, அது. அதன் கீழ்முனையைத் தாடை எலும்பிலிருந்து விடுவித்து வாய் ஓரத்தில் இணைக்கும் முறையை பிரான்சின் லபே 1997-இல் விவரித்தார். தசை இருந்த இடத்திலேயே, தன் நரம்போடும் ரத்தத்தோடும் இருப்பதால் மைக்ராஸ்கோப் தையல் இல்லை, மாதக்கணக்கில் காத்திருப்பும் இல்லை. கடித்தால் சிரிப்பு என்ற விஷயம் இங்கேயும் உண்டு, 9-ஐப் பாருங்கள்.

அசைவே வேண்டாம், வாய் தொங்காமல் இருந்தால் போதும் என்பவர்களுக்குத் தொடையின் தசையுறையில் ஒரு பட்டை எடுத்து வாய் ஓரத்தைத் தூக்கிக் கட்டுவார்கள். சின்ன வேலை. சாப்பிடும்போது ஒழுகுவது நின்றாலே போதும் என்று நிம்மதியாகப் போனவர்கள் இருக்கிறார்கள்.

19. எனக்கு முகவாதம் சரியாயிடுச்சு. ஆனா சிரிச்சா கண்ணு மூடிக்குது, கன்னம் இழுக்குது. எனக்கும் தசை மாத்தணுமா?

வேண்டாம். உங்களுக்குத் தசையும் இருக்கிறது, நரம்பும் வந்துவிட்டது. திரும்ப வளரும்போது இழைகள் வழிமாறிப் போய்விட்டன. வாய்க்குப் போக வேண்டியது கண்ணுக்கும் போகிறது. இதற்குச் சரியான பயிற்சி, தேவைப்பட்டால் குறிப்பிட்ட தசைகளில் போடாக்ஸ் ஊசி. அதிலும் தீராதவர்களுக்குத் தவறான கிளைகளை மட்டும் தேடி வெட்டும் அறுவை. இப்படிப்பட்டவர்கள் கன்னத்தில் கரண்ட் வைத்துக்கொண்டும் பலங்கொண்ட மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டும் இருந்தால் இழுப்பு கூடத்தான் செய்யும்.

20. இன்சூரன்ஸ்ல "இது அழகுக்குப் பண்றது, தர முடியாது"ன்னு சொல்லிட்டாங்க. என்ன பண்றது?

அடிக்கடி நடப்பதுதான். இது நோயாலோ காயத்தாலோ இழந்த செயலை மீட்கும் அறுவை. டாக்டர் தரும் கடிதத்தில் "முகவாதத்துக்கான புனரமைப்பு அறுவை" என்று தெளிவாக இருக்க வேண்டும். அதோடு சாப்பிடுவதில், பேசுவதில், கண்ணில் உள்ள சிரமங்களையும் எழுதச் சொல்லுங்கள். வெறுமனே "பிளாஸ்டிக் சர்ஜரி" என்று மட்டும் இருந்தால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் மூக்கை நேராக்குவதோடு சேர்த்துவிடுவார். அரசுக் காப்பீட்டில் எந்தப் பெயரில் இது வரும் என்பதைத் தேதி வாங்குவதற்கு முன்பே ஆஸ்பத்திரியின் காப்பீட்டுக் கவுன்டரில் விசாரித்துவிடுங்கள்.

21. எந்த டாக்டரைப் பார்க்கிறது? என்ன எடுத்துட்டுப் போகணும்?

நுண்ணறுவை, அதாவது மைக்ராஸ்கோப் வழியாகத் தைக்கும் அறுவை செய்யும் பிளாஸ்டிக் சர்ஜன். தமிழ்நாட்டில் அரசு தரப்பிலும் இதற்குப் பெரிய துறைகள் உண்டு, சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் இருப்பது போல. ஆனால் நுண்ணறுவை செய்கிற எல்லோரும் முகத்துக்குச் செய்வதில்லை. துண்டான விரலை ஒட்டவைப்பதில் கைதேர்ந்தவர் சிரிப்புக்கான தசையை அரிதாகத்தான் வைத்திருப்பார். "நீங்கள் முகவாதத்துக்கு இதைச் செய்திருக்கிறீர்களா, செய்தவர்களின் வீடியோ இருக்கிறதா?" என்று கேட்பதில் தப்பே இல்லை. போட்டோ வேண்டாம், வீடியோ கேளுங்கள். அசையாத படத்தில் எந்தச் சிரிப்பும் நன்றாகத்தான் இருக்கும்.

முகம் கோணிய தேதி, கட்டி எடுத்திருந்தால் அந்த ஆபரேஷன் குறிப்பு (நரம்பு வெட்டுப்பட்டதா, இல்லையா என்று அதில் இருக்கும்), எம்.ஆர்.ஐ., ஈ.எம்.ஜி. அறிக்கைகள், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல். அப்புறம், முகம் நன்றாக இருந்த காலத்தில் நீங்கள் வாய்விட்டுச் சிரிக்கும் ஒரு வீடியோ. கல்யாண சிடியில் தேடினால் எப்படியும் ஒன்று சிக்கும், போட்டோகிராபர் சிரிக்கச் சொன்ன இடம் வேண்டாம், பந்தியில் யாரோ கிண்டல் பண்ணும் இடத்தைப் பாருங்கள். சர்ஜன் கோடு போடுவதற்கு அதுதான் உதவும்.